பதினெட்டா, முப்பத்தாறா

ஐயோ, அது சாராயம் இல்லீங்க. நீங்க மூக்கைச் சுளிக்கறதைப் பார்த்துட்டேன். கண்டக்டர் தம்பியும் இப்பத்தான் குனிஞ்சு மோந்துட்டுப் போறான். நீங்களும் நல்லா மோந்து பாருங்க, பரவாயில்லை. காடி வாடை அடிக்குதுங்களா? ஸ்பிரிட்டும் காடி அமிலமும் கலந்து வெச்சிருக்கறேன். செடியோட வேர் நுனியைக் கிள்ளின உடனே இதுல போட்டாத்தான் உள்ள இருக்கறது இருந்தபடியே நிக்கும். இல்லைன்னா எல்லாம் கலைஞ்சு போயிரும். நான் குடிக்கற ஆளு இல்லீங்க. யூனிவர்சிட்டியில தாவரவியல் புரொபசரா இருந்து ரிட்டையர் ஆனவன். டாக்டர் சென்னியப்பன். பேப்பர்ல பார்த்திருப்பீங்களே? பார்க்கலீங்களா? நீங்க வீட்டுக்கு எந்தப் பேப்பர் போடறீங்க? அதான். அதுல சினிமாவும் கொலையும்தான் வரும்.

இப்படி ஜன்னல் பக்கம் வந்துக்குங்க. வீட்டம்மா பேரனோட முன்னாடி உக்காந்துட்டாங்களாட்ட இருக்குது. கோயிலுக்குங்களா? மொட்டையா? நல்லது நல்லது. மலையடிவாரத்துல காரவள்ளி தாண்டினா வளைவு ஆரம்பிச்சிரும், மேல போற வரைக்கும் திருப்பித் திருப்பி அடிப்பான். பேசிட்டே வந்தா குமட்டாது. நான் மலை மேல சோளக்காடுங்கற ஊருக்கு முந்தி, பாறை ஸ்டாப்புல இறங்கிக்குவேன். ஒரு புல்லுக்காக வந்திருக்கறேன்.

சிரிக்காதீங்க. புல்லுன்னா சாதாரணப் புல்லு இல்லை. பாறை வெடிப்புல முளைக்கும், இங்க கல்லுச்சாமைம்பாங்க. நம்ம சாமைக்குத் தூரத்துச் சொந்தம். மனுசன் தின்னறதில்லை, ஆடு கூடச் சீந்தாது. ஆனா சித்திரை வெயில்ல அந்தப் பாறை தோசைக்கல்லாட்டக் காயும்போது மத்ததெல்லாம் கருகிப் போகும், இது மட்டும் பச்சையா நிக்கும். ஏன் நிக்குது? அந்த ஒரு கேள்விக்கு என் சர்வீஸ்ல பாதி போச்சுங்க. என் சம்சாரம், அந்தப் புல்லையே கட்டியிருக்கலாம்னு சொல்லுவா.

ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குரோமோசோம்னு குச்சி குச்சியா இருக்கும். செடி எப்படி வளரணும், எப்ப பூக்கணும், வெயிலடிச்சா என்ன பண்ணணும், எல்லாம் அதுலதான் எழுதியிருக்கும். அந்த மொத்த எழுத்துக்கும் ஜீனோம்னு பேரு. இந்த வகைப் புல்லுக்குச் சாதாரணமா பதினெட்டுக் குச்சி. எப்பவோ லட்சக்கணக்கான வருசத்துக்கு முந்தி ரெண்டு ஜாதிப் புல்லு கலந்து, ரெண்டோட எழுத்தும் முழுசா ஒரே செடிக்குள்ள தங்கிப் போச்சுன்னு வைங்க, அப்ப முப்பத்தாறு.

புரியலீங்களா? உங்க வீட்டுல எத்தனை மருமக? ரெண்டா? கூட்டுக்குடும்பமா? அப்பச் சுலபம். ரெண்டு மருமகளும் சீரோட வந்தாங்க. வீட்டுல எல்லாம் ரெண்டு ரெண்டு. ரெண்டு கிரைண்டர், ரெண்டு குக்கர், ரெண்டு பீரோ. கொஞ்ச நாள்ல என்னாகுது? ஒரு கிரைண்டர் பரண் மேல போயிருது. ஒரு குக்கர் ஓட்டையாகிருது. ஒரு பீரோவுல துணிக்குப் பதிலா பருப்பு டப்பா அடுக்கறாங்க. செடியும் அப்படித்தாங்க. எல்லா ஜீனும் ரெண்டா இருந்தா, ஒண்ணு பழைய வேலையைப் பார்க்கும், இன்னொண்ணு சும்மாதானே இருக்கறோம்னு புது வேலை கத்துக்கும். வெயில் தாங்கற வேலை. கல்லுச்சாமை பாறையில நிக்கறது அதனாலதான். அது முப்பத்தாறு. இதைக் கண்டுபிடிச்சது நான்.

வெளிநாட்டுப் பத்திரிகையில வந்துச்சுங்க. மூணு நிபுணருங்க படிச்சுப் பார்த்து, ஆஹான்னு எழுதினாங்க. யூனிவர்சிட்டி வாசல்ல என் படத்தைப் போட்டுப் பிளக்ஸ் வெச்சாங்க, துணைவேந்தர் சால்வை போட்டாரு, டெல்லியில கூப்பிட்டு அவார்டு குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் உலகத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், அது தப்புன்னு சொன்னது கிடையாது. அந்த ஒரு புள்ளையைத் தவிர.

நிறைமதின்னு பேரு. என்கிட்ட பிஎச்.டி. பண்ண வந்தவ. அப்பா நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில பெயிண்டர். நான் அதெல்லாம் பார்க்கற ஆள் இல்லைங்க. வா, சேர்ந்துக்கோன்னேன். வீட்டுப் புள்ளையாட்டத்தான் வெச்சிருந்தேன். என் சம்சாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அவதான். மகளோட பையனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது அவதான். அப்படி ஒரு உரிமை குடுத்திருந்தேன். வேற எந்த புரொபசர் வீட்டுச் சமையக்கட்டு வரைக்கும் விடுவாரு, சொல்லுங்க?

வேலையும் நல்லாப் பார்ப்பா, இல்லைங்கலை. வேர் நுனியை நசுக்கிக் குச்சி எண்ணற வித்தையை நான்தான் சொல்லிக்குடுத்தேன். அது படிச்சு வர்றதில்லைங்க, கட்டைவிரல்ல வரணும். வேர் நுனியில ஊசிமுனை அளவு எடுத்து, சாயம் ஏத்தி, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெச்சு, மேல காகிதத்தைப் போட்டு ஒரே அமுக்கு. விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. சரியா அமுக்கினா குச்சியெல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சு கிடக்கும், சின்னப் புள்ளை கூட எண்ணிரும். என் காலத்துல இந்த மாநிலத்துலயே என் விரலுக்கு ஈடு கிடையாது. எனக்கு அடுத்து அந்த விரல் அவளுக்கு வாய்ச்சுது. நானே நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கறேன். சொன்னதுதான் தப்பாப் போச்சு.

திமிர் அவளுக்கு ஆரம்பத்துலயே இருந்துச்சுங்க, எனக்குத்தான் தெரியலை. முதல் தடவை இலை பறிக்க வந்தோம் பாருங்க, அன்னைக்கே காட்டுனா. எனக்கு முழங்கால் வலி, பாறை மேல ஏற முடியாது. நான் கீழ குடை பிடிச்சுட்டு நிக்கறேன், அவ மேல வெறுங்கால்ல நிக்கறா. கீழ இறங்கற கடைசி பஸ்ஸு வந்து நின்னு ஹாரன் அடிக்கறான். அப்பப் போயி மேல இருந்து கத்தறா. "சார், ரெண்டு தினுசா இருக்குதுங்க சார். ஒண்ணுக்கு இலைக் கழுத்துல முடி இருக்குது, இன்னொண்ணு மொழுமொழுன்னு இருக்குது. தனித்தனிக் கவர்ல போடட்டுங்களா?"

நான் சொன்னேன், "அட, வெயில்ல நின்னா முடி கொட்டிப் போகும் புள்ள. எனக்குக் கொட்டலை? எல்லாம் ஒரே புல்லுதான், ஒண்ணாப் போட்டுக் கட்டிட்டு இறங்கு." டிரைவர் கூடச் சிரிச்சுட்டான். அவ சிரிக்கலை. "ஒரு செடி ஒரு கவர்னு நீங்கதானேங்க சார் சொல்லுவீங்க"ன்னா. சொல்லுவேன், யார் இல்லைன்னா? முதல் வருச கிளாஸ்ல போர்டுல எழுதியே போடுவேன். ஆனா அது பெரிய செடிக்கு. இது நூலாட்டப் புல்லு, ஒரு குத்துல கிள்ளினா ஜீன் படிக்கற மெஷினுக்குப் பத்தாது. எங்க வளையணும், எங்க நிமிரணும்னு ஒரு அனுபவம் வேணுமுங்களே. பஸ்ஸைப் பிடிச்சோம். அந்தப் பஸ்ஸை விட்டிருந்தா பாறை மேலதான் படுத்திருக்கணும்.

பெங்களூருல மெஷின் வெச்சிருக்கற கம்பெனிக்கு அனுப்பினோம். ரிசல்ட்டு வந்த அன்னைக்கு நான் அழுதுட்டேங்க. பொய் சொல்லலை, ரூம் கதவைச் சாத்திட்டு அழுதேன். எல்லா ஜீனும் ரெண்டு ரெண்டு. எதை எடுத்தாலும் ரெண்டு. நான் அத்தனை வருசமா நினைச்சுட்டு இருந்தது அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. ஒரு மனுசனுக்கு வாழ்க்கையில ஒரு தடவை அப்படி வாய்க்கும். பல பேருக்கு அதுவும் வாய்க்காது.

கட்டுரையில அவ பேரும் இருக்குதுங்க. விடலை. முதல் பேரு நான். ரெண்டாவது என் மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரரு, படமெல்லாம் கலர் கலராப் போட்டுக் குடுத்தாரு. மூணாவது துணைவேந்தர், அவரை விட முடியுங்களா? அதுக்கப்புறம் அவ. கடைசிப் பேருக்கும் ஒரு மரியாதை உண்டுங்க எங்க தொழில்ல.

இதோ, வளைவு ஆரம்பிச்சிருச்சு. கம்பியைப் பிடிச்சுக்குங்க. பேரன் வாந்தி எடுப்பானா? எலுமிச்சம்பழம் இருந்தா மோக்கக் குடுக்கச் சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஆங். டெல்லிக்குப் போறதுக்கு முந்தி, கோட்டு தெச்சு வந்திருந்துச்சு. ரூம்ல போட்டுப் பார்த்துட்டு இருக்கறேன். உள்ள வர்றா, கையில ஸ்லைடு தட்டு. அவளே லீவு போட்டுட்டு மறுபடியும் மலைக்கு வந்து, ரெண்டு தினுசையும் வேரோட பிடுங்கிட்டுப் போயி, டிபார்ட்மெண்டுக்குப் பின்னால தொட்டியில வெச்சு வளர்த்திருக்கறா. யார் சொன்னது? நான் சொன்னனா? ரெண்டையும் நசுக்கி எண்ணியிருக்கறா.

"சார், இதுலயும் பதினெட்டு, அதுலயும் பதினெட்டுதாங்க சார் இருக்குது"ன்னா.

எனக்குக் கோட்டுப் பொத்தான் போட வரலை. "திரும்ப எண்ணு"ன்னேன். "எண்ணிட்டேங்க சார். நிறைய எண்ணிட்டேன். ரெண்டும் வேற வேற புல்லுங்க சார். ஒரே வெடிப்புல பின்னிக்கிட்டு வளருது. நாம ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுட்டோம்."

நான் கேட்டேன், "ஏம்மா, கோடி எழுத்தைப் படிக்கற மெஷினு பொய் சொல்லுமா, உன் கட்டைவிரல் பொய் சொல்லுமா?" சரியான கேள்விதானுங்களே? அதுக்கு அவ சொல்றா, "மெஷினு பொய் சொல்லலைங்க சார். நாம ரெண்டு புல்லைக் குடுத்தோம், அது ரெண்டுன்னு சொல்லுச்சு."

பார்த்தீங்களா பேச்சை? லாரிக்குப் பெயிண்ட் அடிக்கறவன் மக. சத்தம் போடலை, அழுகலை. தட்டை மேசை மேல வெச்சுட்டு நிக்கறா, பார்ப்பாரு பார்ப்பாருன்னு. அந்த ஸ்லைடெல்லாம் படு மோசங்க. சாயம் ஏறிப் போயி, குச்சி மேல குச்சி கிடந்து, எதுவும் எண்ண முடியாது. அதை வெச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேக்க வந்துட்டா.

அப்புறம் என்ன, இன்ஸ்பெக்ஷன் வந்துச்சு. டிபார்ட்மெண்டைச் சுத்திக் குப்பை, உடைஞ்ச தொட்டி. எல்லாத்தையும் அள்ளிப் போடுன்னு தோட்டக்காரன்கிட்டச் சொன்னேன். அவன் அவளோட தொட்டியையும் சேர்த்து அள்ளிட்டான். நான் குறிப்பா அந்தத் தொட்டின்னு சொல்லலைங்க. எல்லாத்தையும்னுதான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்குது, எல்லாத்தையும்னுதான்.

அவ தீசிஸ் எழுதி எடுத்துட்டு வந்தா. நல்லா எழுதியிருந்தா, அதுல ஒரு அத்தியாயம் பூரா இந்தப் பதினெட்டுதான். அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துட்டு வாம்மா, இப்பவே கையெழுத்துப் போடறேன், நாளைக்கே டாக்டர் ஆயிரலாம்னேன். இதை விட ஒரு கைடு என்ன இறங்கி வர முடியும்? "அதை எடுத்தா மீதி இருக்கறது பொய்யாயிருங்க சார்"னு சொல்லிட்டுப் போனவதான். ராசிபுரத்துல ஒரு ஸ்கூல்ல பிளஸ்டூ பசங்களுக்குப் பாடம் எடுத்துட்டு இருக்கறா.

நீங்க நினைப்பீங்க, அவ என்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லியிருப்பா, பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருப்பான்னு. அப்படிப் பண்ணியிருந்தா எனக்கும் நிம்மதிங்க. பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். யார் என்ன கேட்டா என்ன சொல்லணும்னு குளிக்கும்போது கூடச் சொல்லிப் பார்ப்பேன். மாசாமாசம் அந்தப் பத்திரிகை வந்தா முதல்ல பின்பக்கத்தைத்தான் புரட்டுவேன், எவனாவது மறுப்பு எழுதியிருக்கறானான்னு. ஒண்ணும் இல்லை. அவ யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலைங்க. அந்தத் தலைக்கனத்தைப் பாருங்க! சண்டைக்கு வந்தா அடிக்கலாம். சும்மா இருக்கறவளை என்ன பண்றது?

போன ஆவணியில ஒரு கல்யாணத்துல பார்த்தேன். பந்தியில எதிர் வரிசை. எனக்கு இலையில வெச்ச ஜாங்கிரி இறங்கலை. இப்ப வருவா, இப்பக் கேப்பா, நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குவான்னு உக்காந்திருக்கறேன். கை கழுவற இடத்துல வந்தா. "வணக்கமுங்க சார். முழங்கால் இப்பப் பரவாயில்லைங்களா? அம்மா சுகர் மாத்திரை ஒழுங்காப் போடறாங்களா?" அவ்வளவுதான். அதோட போயிட்டா. என் முழங்காலைக் கேக்க அவ யாருங்க? எனக்கு வந்துச்சே கோவம், வீடு வர்ற வரைக்கும் சம்சாரத்தோட பேசலை. சம்சாரம் என்னடான்னா, தங்கமான புள்ளை, அதுக்கு நீங்க இன்னும் கையெழுத்துப் போடலையாங்கறா. எங்க வீட்டுலயே எனக்கு ஆள் இல்லை.

என்ன கேட்டீங்க? இல்லீங்க, ரிட்டையர் ஆனாலும் அவளுக்குக் கைடு நான்தான். பாதியில மாத்தினா மறுபடியும் முதல்ல இருந்து வரணும். ரெண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கிட்டா, இனிக் குடுக்க மாட்டாங்க. நாளன்னைக்குக் கடைசி நாள். அதுக்குள்ள நான் சரின்னு சொன்னா தீசிஸ் உள்ள போகும், அவளுக்குப் பட்டம். இல்லைன்னா பதிவே ரத்து. அவ்வளவு வருசமும் கிணத்துல போட்ட கல்லு. இப்ப டிபார்ட்மெண்டு ஹெட்டா இருக்கற தமிழ்க்கோ தினம் போன் பண்றான், அவனும் என் ஸ்டூடண்ட்தான். "ஐயா, ஒரே ஒரு வார்த்தை, அந்தப் புள்ளையோட எண்ணிக்கை சரின்னு சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்"கறான். நான் மாட்டேன்னு சொன்னனா? ஒரு தடவை கூட மாட்டேன்னு சொன்னதில்லைங்க. நானே எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்னுதான் சொல்லியிருக்கறேன். ஞாயமுங்களா இல்லையா? அதுக்குத்தான் இந்தப் பொட்டியைத் தூக்கிட்டு, இந்தக் காலை வெச்சுட்டு, விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சு வர்றேன். எவன் வருவான்?

அவளோட ஸ்லைடைப் பார்த்துச் சொல்லலாமேங்கறீங்களா? தமிழ்க்கோவும் அதைத்தான் சொல்றான். அவ பத்திரமா வெச்சிருக்கறாளாம். அதை நான் எதுக்குப் பார்க்கணும்? அன்னைக்கு மேசை மேல வெச்சாளே, அன்னைக்கே நான் குனிஞ்சு பார்க்கலை. கோட்டைப் போட்டுட்டு மைக்ராஸ்கோப்புல குனிய முடியுமா? தட்டை எடுத்துட்டுப் போன்னுட்டேன்.

என்ன? படு மோசம்னு எப்படித் தெரியும்னா? அதெல்லாம் பார்த்துத்தான் தெரியணுமுங்களா? இத்தனை வருச அனுபவம், தட்டைப் பார்த்தாலே தெரியும்.

நீங்க என்ன வேலையில இருந்தீங்க? மின்சார வாரியமா? அதான் இப்படிக் கணக்கெடுக்கறீங்க.

கோவிச்சுக்காதீங்க. எனக்கு என் கட்டைவிரல் மேல மட்டும்தான் நம்பிக்கை, அவ்வளவுதான் விஷயம். ஏங்க, என் விரலுக்கு இது ஒரு வேலையா? வேரைப் பிடுங்கி இந்தப் பாட்டில்ல போட்டுட்டுப் போனா, நாளைக்குக் காலையில சாயம், ஒரு அமுக்கு, ஒரு பார்வை. பல்லு விளக்கற நேரத்துல முடிஞ்சிரும். பதினெட்டா, முப்பத்தாறான்னு தெரிஞ்சிரும்.

ஏன் இத்தனை நாள் பண்ணலைன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. வராமயா இருந்தேன்? போன தடவை வந்து பறிச்சுட்டுத்தான் போனேன். வீட்டுல வெச்சதுல மூடி லூசாகி எல்லாம் ஆவியாப் போச்சு. அதுக்கு முந்தின தடவை சாயம் பழைய சாயம், ஏறலை. அதுக்கும் முந்தி ஒரு தடவை எல்லாம் அருமையா அமைஞ்சுது. அமுக்கியாச்சு. மைக்ராஸ்கோப்புல வெச்சாச்சு, லைட்டும் போட்டாச்சு. குனியப் போறேன், சம்சாரம் சாப்பிடக் கூப்பிட்டா. சோறு ஆறிப் போகுமேன்னு போயிட்டேன். சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். வந்து பார்த்தா ஸ்லைடு காஞ்சு போச்சு. காஞ்ச ஸ்லைடை என்னத்தைப் பார்க்கறது? துடைச்சு வெச்சுட்டேன்.

அப்படி என்ன பயம்னு கேக்கறீங்க. பயமா? எனக்கா? எனக்கு என்னங்க பயம்? முப்பத்தாறுன்னா நான் சொன்னது சரி. பதினெட்டுன்னா... பதினெட்டு வராது. வந்தா அந்தக் கட்டுரையை நானே திரும்ப எடுக்கணும். அவார்டைத் திருப்பி அனுப்பணும். மாப்பிள்ளைக்கு அதை வெச்சுத்தான் அமெரிக்காவுல இடம் கிடைச்சுது. என் பேரைச் சொன்னாலே கல்லுச்சாமைன்னு சொல்லுவாங்க, நாளைக்கு என்னன்னு சொல்லுவாங்க? ரெண்டு புல்லுக்கு வித்தியாசம் தெரியாதவன்னு. ஒரு பஸ்ஸு ஹாரனுக்காக... விடுங்க. அதான் வராதுங்கறனே. பாறையில அது பச்சையா நிக்குதுங்களே, அதுக்கு ஒரு காரணம் வேணும்ல? நான் சொன்ன காரணத்தை விட அழகான காரணம் வேற என்ன இருக்குது?

மேல வந்துட்டோம்ங்க. காத்து மாறிருச்சு பாருங்க, சில்லுன்னு இருக்குது. மிளகுக்கொடி பார்த்தீங்களா, சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்டிருக்கறாங்க. பேரனுக்குக் காட்டுங்க. போகும்போது பலாப்பழம் வாங்கிட்டுப் போங்க, ஆனா ரோட்டுக்கடையில முதல்ல சொல்ற விலைக்கு வாங்கிறாதீங்க. எங்க மகளுக்கு இந்த மலைப் பலான்னா உசிரு. ஒரு தடவை இப்படித்தான், ஒரு பழத்தை வாங்கிட்டு பஸ்ஸுல போறோம், பக்கத்துல ஒரு அம்மா...

என்ன தம்பி? பாறை ஸ்டாப்பா? தாண்டிட்டோமா? எப்பத் தாண்டினோம்? விசில் அடிச்சயா? எனக்குக் கேக்கவே இல்லையே. இவரோட பேசிட்டே வந்தேன். எதுக்குச் சிரிக்கற? "இன்னைக்கும் தாண்டியாச்சா"ன்னு கேக்கற. மரியாதையாப் பேசு. வயசான ஆளு, காது மந்தம், நீ வந்து தட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா?

இல்லை, வேண்டாம், நிறுத்தாத. இங்க இறங்கிப் பின்னால நடந்தாக் காலு என்னாகும்? நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க, உக்காருங்க. பொட்டியைக் குடுங்க இப்படி, நீங்க தூக்க வேண்டாம். நீங்க துணைக்கு வர்றதாவது, பேரனுக்கு மொட்டை போட நேரமாகலை? நடந்து போயும் பிரயோசனம் இல்லைங்க. வெயில் ஏறிருச்சு பாருங்க. வேர் நுனியை இந்த நேரத்துல கிள்ளினா ஒண்ணும் தெரியாது. விடிஞ்சதும் கிள்ளணும். இனி வேற ஒரு நாளைக்குத்தான் வரணும்.

நாளன்னைக்குத்தான் கடைசி நாள், தெரியுமுங்க. நான்தானே உங்களுக்குச் சொன்னேன்? அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? அந்தப் புள்ளைக்காக நானும் இந்த வயசுல எத்தனை தடவைதான் மலை ஏறுவேன்? தமிழ்க்கோ போன் பண்ணினா இதைத்தான் சொல்லுவேன். போனேன்ப்பா, வேர் கிடைக்கலைன்னு. அது பொய் இல்லையே?

போனை எதுக்கு எடுக்கறீங்க? இங்க டவர் கிடைக்காது. அந்தத் தமிழ்க்கோ நம்பரை நீங்க எதுக்குங்க கேக்கறீங்க? வாய் வார்த்தையா, பதினெட்டுன்னே வெச்சுக்கப்பான்னு சொல்லிர்றதா? நல்லா இருக்குதுங்களே. நீங்க மின்சார வாரியத்துல மீட்டரைப் பார்க்காம ரீடிங் எழுதியிருப்பீங்க, எனக்கு அது பழக்கமில்லை. என் கண்ணால பார்க்காம ஒரு எண்ணிக்கைக்கு எப்படிங்க சரின்னு சொல்றது? ஒரு விஞ்ஞானி பண்ற வேலையா அது?